ஞாயிற்றுக்கிழமைக் குறைகள்

எங்கள் ஊர் விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, முன்கூடத்து மேஜையில் இருக்கும் நோட்டில் ஒரு குறையாவது எழுத வேண்டும். பாராட்டு எழுதக் கூடாது. எழுதினால் என் வீட்டுக்காரர் பேனாவை மறுபடி நீட்டுவார்.

"நல்லதையெல்லாம் ஊருக்குப் போய் நாலு பேர்கிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? எங்க ஒழுகுதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் பம்ப் மெக்கானிக். முப்பது வருடம் கிணற்று மோட்டாரும் தண்ணீர்க் குழாயுமாகக் கிடந்தவர். மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். கல்யாணமான புதிதில் நான் ஏதோ கோபத்தில் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். "எங்க ஒழுகுதுன்னு சொன்னாத்தானே கை வைக்க முடியும்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எப்படிக் கோபத்தைத் தொடர்வது?

விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கரையில் பூட்டிக் கிடந்த மாவு மில் கட்டடம் அது. ஊரார் சேர்ந்து கழுவித் துடைத்து, மேலே மூன்று, கீழே இரண்டு என்று ஐந்து அறைகளாகத் தடுத்தோம். குளிர்காலத்தில் ஏரிக்குப் பறவைகள் வரும். அவற்றைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கோடையில் சும்மா நடந்து திரிய வருகிறவர்கள் உண்டு. சமையல் ஒரு வாரம் ஒரு வீடு, துணி துவைப்பது ஒரு வீடு என்று முறை வைத்துச் செய்தோம். வருமானம் யார் வீட்டுக்கும் போகாது. முதலில் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. அடுத்து பள்ளிக்கூடத்துக்குக் கூரை, ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி. அதற்குப் பிறகு நர்ஸ்.

சுகாதார நிலையம் என்று அரசாங்கம் ஒரு கட்டடத்தையும் மருந்து அலமாரியையும் கொடுத்துவிட்டு ஆளை அனுப்ப மறந்துவிட்டது. ஆறு வருடம் அந்த அலமாரிக்குள் எலிகள் குடித்தனம் நடத்தின. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கடைசியில் விடுதி வருமானத்திலிருந்தே ஒரு நர்ஸைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டோம். கீழே ஐந்தாம் அறையை அவளுக்கே கொடுத்தோம். வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அறைகள் நிறைந்தால் நர்ஸ் இருப்பாள், காலியாகக் கிடந்தால் இருக்க மாட்டாள்.

ஞாயிறு காலை பஸ் புறப்பட்டுப் போனதும் ஊர் கூடத்தில் கூடும். என் வீட்டுக்காரர் நோட்டைப் பிரித்து, கரண்ட் பில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசிப்பார். யாருடைய குறையோ அவர் எழுந்து நின்று "என்னுது" என்று சொல்ல வேண்டும். என்றைக்குள் சரிசெய்வார் என்றும் சொல்ல வேண்டும். விளக்கம் கொடுக்கக் கூடாது.

"'சேவல் விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே கூவுகிறது.'"

தையல்காரர் எழுந்திருப்பார். "என்னுது."

"என்னிக்குள்ள?"

"அதுகிட்ட பேசிப் பாத்துட்டு சொல்றேன்."

"'ஏரியைச் சுற்றிக் காட்ட வந்தவர் பேசிக்கொண்டே இருந்ததால் ஒரு பறவையின் குரலும் காதில் விழவில்லை.'"

எழுதியவர் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பும். ரேடியோ எழுந்திருப்பார். ரேடியோ, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்ததில் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் இப்போது இறக்கி வைக்கிறார் என்பார்கள். விருந்தினர்களைப் பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்து வருவதும் அவர் பொறுப்புதான்.

"என்னுது. ஆனா அன்னிக்கு காத்து வேற பக்கமா அடிச்சுதா, அதனால அந்தப் பறவைங்க..."

"அண்ணே, உக்காருங்க."

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, குளிர் தொடங்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர் இறந்தார். நுரையீரல். ஆக்ஸிஜன் சிலிண்டர் சுகாதார நிலையத்தில்தான் இருந்தது என்பதால் பதினோரு நாள் அங்கேயே ஒரு கட்டிலில் கிடந்தார். பகலெல்லாம் நர்ஸ் பக்கத்தில் இருந்தாள், விடுதிச் சமையலை முடித்துவிட்டு இரவில் நான் இருந்தேன். இரவில் அவருக்கு மூச்சு வாங்கும், பேச்சு வராது. என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பார். போனது ஒரு மதிய நேரத்தில். நான் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் பயந்தாரா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. தெரிந்தவள் நர்ஸ் ஒருத்திதான். அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதனால் அவள் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தேன்.

மூன்றாவது வாரம் ஊர்க் கமிட்டித் தலைவர் வந்து, விடுதியை நானே நடத்தினால் நல்லது என்றார். விருந்தினர்களுக்குக் கடிதம் எழுதுவது அதற்கு முன்பும் என் வேலைதான். ஒப்புக்கொண்டேன். குளிர்காலம்தான் எங்களுக்குக் கூட்டம். அறைகள் நான்கும் முன்பதிவாகியிருந்தன.

நான் முதன்முதலாக நோட்டை நீட்டிய கணவனும் மனைவியும் புறப்படும்போது எழுதினார்கள்: 'எல்லாம் நன்றாக இருந்தது. நன்றி.'

அவரைப்போலவே பேனாவை மறுபடி நீட்டினேன். "ஒண்ணாவது எழுதுங்க."

அந்தப் பெண் தலையை அசைத்து மறுத்துவிட்டு, என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் தரையைப் பார்த்தார். நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன்.

அடுத்து வந்தவர்களும் அதையே எழுதினார்கள். அதற்கடுத்து வந்தவர்களும். ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பிரித்து, "'எல்லாம் நன்றாக இருந்தது'" என்று நாலு தடவை வாசிப்பேன். யாரும் எழுந்து நிற்கத் தேவை இருக்காது. எல்லாரும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

முதல் மாதம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நான்கு நாளுக்கு வந்தவர்கள் இரண்டாம் நாள் காலையிலேயே பையோடு நின்றார்கள். திரும்ப வருவதாக எழுதியவர்கள் வரவில்லை. அந்த வருடம் வந்தவர்களெல்லாம் ஏதோ அமைதி விரும்பிகள் என்று எனக்குத் தோன்றியது. சாப்பிடும்போது கிசுகிசுத்துப் பேசினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். இவர்களுக்குச் சத்தம் ஆகாதுபோல என்று நானும் நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். சமையலறையில் பாட்டுக் கேட்பதை நிறுத்தினேன். கதவைத் தட்டினால் அதிர்ந்துவிடுவார்களோ என்று விரல் நகத்தால் லேசாகத் தேய்த்தேன். நான் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அவர்கள் இன்னும் சீக்கிரமாகக் கிளம்பினார்கள்.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. காலியாகக் கிடந்த அறைகளில் நானே ஒவ்வொரு நாள் படுத்துப் பார்த்தேன். ஜன்னல் கொக்கி ஒன்று தளர்ந்திருந்தது. அதற்காகவா ஒருவர் இரண்டு நாள் முன்னதாக ஓடுவார்?

குளிர்காலம் முடிய இருந்தபோது நர்ஸ் ஒரு கடிதத்தோடு சமையலறைக்கு வந்தாள்.

"டவுன் ஆஸ்பத்திரியில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. ஒண்ணாம் தேதிக்குள்ள பதில் போடணும். அடுத்த வருஷம் எனக்கு இங்க இருக்குமான்னு தலைவரைக் கேட்டேன். அவருக்கே தெரியலங்கறார்."

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "உன் இஷ்டம்மா" என்றேன். தலையைத் தூக்கவில்லை.

கடிதத்தை மடித்துக்கொண்டு போனாள். தச்சரின் மருமகளுக்கு ஏழு மாதம். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் ஊரில் பதினாலு பேர். இவள் வருவதற்காகத்தான் அவர் அந்த மில்லின் தரையை மண்டி போட்டுத் தேய்த்தார். அவர் போய் நாலு மாதத்தில் அதை என் கையால் தொலைக்கப் போகிறேன். ஒன்றாம் தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை ரேடியோ ஒரு பெண்ணை அழைத்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கத்தரித்த முடி, கைப்பையில் ஒரு டார்ச், ஒரு அளவு நாடா. நான்கு நாள் தங்க வந்தவர். மாடிப்படி ஏறும்போது மூன்றாவது படியில் நின்று, காலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சங்கடமாகச் சிரித்தார்.

"தொழில் புத்தி" என்று கிசுகிசுத்தார். "லிஃப்ட் இன்ஸ்பெக்டர்."

மறுநாள் காலையே பையோடு இறங்கி வந்தார்.

"நாலு நாள்னு சொன்னீங்களே மேடம்."

"ஆமாமா. திடீர்னு வேலை வந்துடுச்சு."

நான் நோட்டை நகர்த்தினேன். பேனாவை எடுத்தார். 'எல்லாம் நன்றாக' வரைக்கும் எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"எனக்கு இது வராதும்மா" என்றார். கிசுகிசுப்பு இல்லை, சொந்தக் குரல். நாலு மாதமாக அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசாததால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் கையெழுத்துப் போட்டாத்தான் பத்து மாடி லிஃப்ட்ல ஜனங்க ஏறுவாங்க. முப்பது வருஷமா இதான் பொழப்பு. நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு எழுத கை வர மாட்டேங்குது."

"நல்லா இல்லையா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா. சொல்லிட்டாங்க."

"யாரு?"

"பஸ்ஸ்டாப்புல இருந்து கூட்டிட்டு வந்தாரே, மூச்சு விடாம பேசுற மனுஷர்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கம்பளித் துண்டு ஒட்டிய கால் சத்தமில்லாமல் நகர்ந்தது. "அந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் தவறிட்டார், புண்பட்ட மனசு, தயவு செஞ்சு குறை எதுவும் எழுதாதீங்க, அவங்க முன்னாடி சிரிச்சுப் பேசாதீங்கன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தார். நேத்து சாப்பிடும்போது எனக்கு விக்கல். ஏரிக்கரைக்குப் போய் நின்னு விக்கிட்டு வந்தேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டவர்கள், தரையைப் பார்த்தவர்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறியவர்கள் எல்லாரும் வரிசையாகக் கண் முன்னால் வந்தார்கள். எங்கள் விடுதியில் தங்கியவர்கள் துக்க வீட்டில் தங்கியிருக்கிறார்கள்.

"வேலை வந்துடுச்சுன்னு சொன்னது?"

"பொய்தான்."

"அப்போ போகாதீங்க. நாளைக்கு ஞாயிறு. உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் பக்கத்தைத் திருப்பி, அளவு நாடாவை வெளியே எடுத்தார். "இந்தப் பேனாவுல மை கம்மியா இருக்கு. இன்னொண்ணு வேணும்."

விடுதிக்குப் பின்னால் என் நாத்தனாரும் ரேடியோவும் துவைத்த போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கைகளில் போர்வை இருந்ததால் இருவரும் நகர முடியாது. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

"ரேடியோ அண்ணே, பஸ்ஸ்டாப்புல இருந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம் தங்கச்சி. மெதுவா நடந்தா பன்னெண்டு."

"அந்தப் பன்னெண்டு நிமிஷமும் என்ன பேசிட்டு வர்றீங்க?"

ரேடியோ வாயைத் திறந்து, மூடி, நாத்தனாரைப் பார்த்தார்.

"அவரை ஏன் கேக்குறீங்க அண்ணி?" என்றாள் நாத்தனார். "நான்தான் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அண்ணன் போயி இருபதாவது நாள் ஒருத்தர் எழுதியிருந்தார். 'விடுதி நடத்துகிற அம்மாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார், திரும்பி வரவில்லை'ன்னு. அதை ஞாயித்துக்கிழமை நீங்களே வாசிச்சு, நீங்களே என்னுதுன்னு சொல்லணுமா? நீங்க பாக்குறதுக்குள்ள கிழிச்சுட்டேன். அதுக்கப்புறம் ஊரே சேர்ந்துதான் முடிவு பண்ணோம்."

"ஊரேன்னா?"

"உங்களைத் தவிர."

"சிரிக்கக் கூடாதுன்னும் முடிவு பண்ணீங்களா?"

"சிரிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல தங்கச்சி" என்றார் ரேடியோ. "சத்தம் வராம சிரிங்கன்னுதான் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. "நான் என்ன தப்பு பண்றேன்னு தெரியாம நாலு மாசமா சுவத்தைத் தட்டித் தட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஜனங்க ஓடுறாங்க. நர்ஸ் போகப் போறா. என்னைக் காப்பாத்துறேன்னு எல்லாரும் சேர்ந்து விடுதியை மூடப் பாக்குறீங்களே, இதுக்கா அவர் உயிரை விட்டார்?"

நாத்தனார் போர்வை முனையை விடவில்லை. அதிலிருந்து தண்ணீர் அவள் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்களுக்காக மட்டும் இல்ல அண்ணி" என்றாள். "அந்த நோட்டை வேற யாரோ குரல்ல கேக்க எனக்கு முடியல. ஒண்ணும் இல்லன்னா சீக்கிரம் மூடிட்டுப் போயிடலாம்ல. எனக்கும் அவர் அண்ணன்தானே."

நான் அதை யோசித்திருக்கவில்லை. ரேடியோ கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டேன். இருவருமாகப் போர்வையை இறுக முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டோம்.

ஞாயிறன்று கூடத்தில் இடம் போதவில்லை. ரேடியோவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரிதான். இன்ஸ்பெக்டர் கடைசி வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கதவோரம் நின்றாள். நான் நோட்டைப் பிரித்தேன். மூன்று பக்கம், இருபத்து மூன்று குறைகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது.

"'ஒன்று. மாடிப்படியில் மூன்றாவது படி மற்றவற்றைவிட முக்கால் அங்குலம் உயரம். இருட்டில் தடுக்கும்.'"

தச்சர் எழுந்தார். "என்னுது. வியாழக்கிழமைக்குள்ள."

"'இரண்டு. இரண்டாம் அறைக் குழாயில் சுடுதண்ணீர் வருவதற்கு நானூறு வரை எண்ண வேண்டியிருக்கிறது.'"

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழாயைப் போட்டவர் என் வீட்டுக்காரர்தான். மாற்றிப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. நாத்தனார் எழுந்து நின்றிருந்தாள்.

"என்னுது" என்றாள். "டவுன்ல இருந்து ஆளைக் கூட்டிட்டு வரேன். பதினஞ்சு நாள்."

அதற்குப் பிறகு வேகமாகப் போயிற்று. தலையணை, ஜன்னல் திரை, விளக்கு சுவிட்ச். பதினொன்றாவது, 'பஸ் நிறுத்தத்திலிருந்து அழைத்து வருபவர், விருந்தினரை இழவுக்கு வந்தவர்போல் உணரச் செய்கிறார்.' ரேடியோ எழுந்து "என்னுது" என்று சொல்லி, ஒரு வார்த்தை கூடச் சேர்க்காமல் உட்கார்ந்தார். அதற்கே இரண்டு பேர் கை தட்டினார்கள்.

"'பதினான்கு'" என்று தொடங்கி நிறுத்தினேன். பிறகு வாசித்தேன். "'விடுதி நடத்துபவர் அறைக்கதவைத் தட்டுவதில்லை. நகத்தால் பிராண்டுகிறார். எலி என்று நினைத்துச் செருப்பை எறிந்தேன்.'"

தலைவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் எழுந்து நிற்க வழியில்லை. அதனால் நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"என்னுது."

முதலில் தையல்காரர்தான் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தார், அடக்க முடியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. எனக்கும் வந்தது. காதுக்குள் போன தண்ணீர் நாட்கணக்கில் அடைத்துக் கிடந்துவிட்டு, தலையைச் சாய்க்கும்போது திடீரென்று வெதுவெதுப்பாக வெளியே வருமே, அந்த மாதிரி இருந்தது. அத்தனை பேரின் சத்தமும் ஒரேயடியாகக் கேட்டது.

"என்னிக்குள்ள?" என்றாள் நாத்தனார். அவள் அண்ணன் கேட்பதைப் போலவே.

"இன்னிக்கே."

இருபத்து மூன்றும் முடிந்து நோட்டை மூடப் போனேன். "நானும் ஒண்ணு எழுதலாமா?" என்று கதவோரத்திலிருந்து நர்ஸ் கேட்டாள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "நீ விருந்தாளி இல்லையேம்மா."

"அஞ்சாம் அறையில ரெண்டரை வருஷமா தங்கியிருக்கேன். எங்கிட்ட மட்டும் யாரும் நோட்டை நீட்டல."

நோட்டு கைமாறிக் கைமாறி அவளிடம் போயிற்று. கதவு நிலைமேல் வைத்து எழுதினாள். திரும்பி வந்ததும் நான் வாசித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே ஆரம்பித்துவிட்டேன். நிறுத்தினால் அதற்கப்புறம் வாசிக்க முடியாது.

"'ஐயா கடைசி பதினோரு நாள் எப்படி இருந்தார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. நாலு மாதமாகக் காத்திருக்கிறேன். அக்கா என்னைக் கண்டால் பாத்திரத்தைப் பார்க்கிறார்.'"

இந்தத் தடவை உட்காரவில்லை. "என்னுது" என்றேன். என்றைக்குள் என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"பயந்தாரா?"

நர்ஸ் என்னை நேராகப் பார்த்தாள். "இல்லக்கா. எரிச்சல்பட்டார்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு அவள் சொல்வது புரிய ஒரு கணம் ஆயிற்று.

"பதினோரு நாளும் குறைதான்" என்றாள். "ஊசி போடுறதுக்கு முன்னாடி வலிக்காதுங்கறே, அது பொய், எழுதிக்கோம்பார். கட்டிலை ஜன்னலுக்கு எதிர்ல போட்டிருக்கே, வெயில் நோயாளி கண்ணுல அடிக்குது, எழுதிக்கோ. நான் சும்மா எழுதுற மாதிரி கையை ஆட்டினேன். வாசிச்சுக் காட்டுன்னார். மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் நிஜமாவே எழுதினேன். கடைசி நாள் மத்தியானம் ஸ்டெதஸ்கோப் ஜில்லுன்னு இருக்குன்னார். தேய்ச்சுட்டு வைக்கிறேன் ஐயான்னு கையில வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். அப்பதான்."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"உங்களைப் பத்தியும் ஒண்ணு இருக்குக்கா."

"சொல்லு."

"ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ தூங்குறான்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும். கண்ணை மூடிப் படுத்துப் பாக்குறேன், அப்பவும் தூங்க மாட்டேங்குறா. சொன்னா சண்டைக்கு வருவா. எழுதிக்கோ."

பதினோரு இரவும் அவர் கண்ணை மூடிக் கிடந்தது நான் தூங்குவதற்காக. நான் விழித்திருந்தது அவருக்காக. ஒருவர்கூடத் தூங்கவில்லை. அதை நினைத்தபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் இப்படித்தான் இருந்தோம் என்று தோன்றியது.

கூட்டம் கலையும்போது நர்ஸிடம் போனேன். அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"டவுனுக்குப் போகணும்னு ஆசையா இருக்கியா?"

"ஆசையெல்லாம் இல்லக்கா. ஆனா ஒரு மனுஷியாவது இருன்னு சொல்லணும்ல."

"இரு."

"சம்பளம்?"

பக்கத்தில் நின்ற தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ஆறு மாசத்துக்குப் பிரச்சினை இல்ல. அதுக்கு மேல அறை நிறையணும்."

"நிறையும்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியாது.

"அப்போ ஆறு மாசம் இருக்கேன்" என்றாள் நர்ஸ். "அதுக்கப்புறம் பாக்கலாம். கிளினிக் ஜன்னலுக்கு ஒரு திரை வேணும். வெயில் நோயாளி கண்ணுல அடிக்குதாம்."

அந்தக் கோடையில் நான்கு அறைகளும் நிறைந்தன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். இன்ஸ்பெக்டர் நான்கு நாளும் தங்கினார், அடுத்த மாதம் தன் அலுவலகத்துக்காரர்கள் ஆறு பேரை அனுப்பினார். ஆறு பேரும் அவரைப்போலவே எழுதினார்கள். அந்த ஞாயிறு கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நடந்தது. நர்ஸ் ஏழு வருடம் இருந்தாள். தச்சரின் பேத்தி பிறந்தது அவள் கையில்தான்.

அந்த இருபத்து மூன்று குறைகளை வாசித்ததற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, நர்ஸ் டவுன் ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதி என்னிடம் கொடுத்தாள். வர இயலாததற்கு வருந்துவதாக மூன்று வரி. உறையை என் எதிரிலேயே ஒட்டினாள். பஸ் நிறுத்தத்துக்கு நானே கொண்டுபோனேன். எங்கள் ஊர்த் தபாலைக் கண்டக்டர்தான் டவுனில் சேர்ப்பார். வழியில் எனக்குக் கொட்டாவி வந்துகொண்டே இருந்தது. வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

கண்டக்டர் உறையை வாங்கி முகவரியைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா? ஏதும் அவசரமா அக்கா?"

"இல்லப்பா" என்றேன். "மெதுவா போய்ச் சேரட்டும்."